கண்ணில் விழும் பூ

கீரமங்கலத்தில் பொழுது பூவோடுதான் விடிகிறது. இருட்டு கலையும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கி மல்லிகையும் முல்லையும் காட்டுமல்லியும் பறிக்கிறார்கள். சேரியலூர், பனங்குளம், குளமங்கலம், கொத்தமங்கலம் என்று சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பூ மூட்டைகள் மோட்டார் சைக்கிளில் வந்து கமிஷன் கடைகளில் இறங்குகின்றன. வெயில் ஏறுவதற்குள் எடை போட்டு, விலை பேசி, பஸ் ஏறி வெளியூர் போய்விடுகின்றன. பூக்கொல்லையை ஒட்டித் தென்னந்தோப்பு, பலா, வாழை. கொஞ்சம் தள்ளினால் நெல் வயல். கையும் கண்ணும் நாள் முழுக்கச் செடிகொடிகளுக்குள்ளேயே இருக்கும் வாழ்க்கை.

பூ என்ற சொல்லைத் தமிழ் வேறு சில இடங்களுக்கும் கொடுத்திருக்கிறது. மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் 'பூசணம் பூத்திருக்கு' என்கிறோம். தோலில் வட்டம் வட்டமாகப் பரவி அரிப்பெடுக்கும் நோய்க்குப் படர்தாமரை என்று பெயர். கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டால் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்கிறோம். ஜாடியில் பூப்பதும் தோலில் படர்வதும் பூஞ்சைகள். கண்ணில் விழும் பூவுக்குக் காரணங்கள் பல: அம்மை, வைட்டமின் ஏ குறைவு, பாக்டீரியா. ஆனால் நம் வட்டாரத்தில், மண்ணிலும் மரத்திலும் வேலை செய்கிறவர்களின் கண்ணில் விழும் பூவுக்குப் பல நேரம் காரணம் அந்த ஜாடிப் பூசணத்தின் உறவுக்காரர்கள்தான். அது எப்படிக் கண்ணுக்குள் வருகிறது, மற்ற இடங்களில் அதை எளிதாக விரட்டிவிடும் நம் உடம்பு கண்ணில் மட்டும் ஏன் திணறுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நடப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். தோப்பில் விழுந்து கிடக்கும் மட்டையை இழுக்கும்போது கீற்றின் நுனி கண்ணில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். கதிரடிக்கும்போது சுணை தெறிக்கும். பூப்பறிக்கக் குனிந்தால் காய்ந்த குச்சி ஒன்று இமைக்கும் நேரத்துக்கு முன்னால் பட்டுவிடும். கண் கலங்கும், சிவக்கும், கொஞ்ச நேரம் கரகரக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். மறுநாள் பரவாயில்லை போலிருக்கும். நாலைந்து நாள் கழித்துக் கண் கூசும், நீர் வடியும், கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளியின் ஓரம் தெளிவாக இருக்காது. இறகின் விளிம்பு போலப் பிசிறு பிசிறாக இருக்கும். பூஞ்சையின் இழைகள் படலத்துக்குள் வேர்விடுவதால் வரும் பிசிறு அது.

உலகில் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவான கண் பூஞ்சைப் புண்ணும் ஓர் உழவருடையதுதான். 1879-இல் ஜெர்மனியில் தியோடர் லீபர் என்ற கண் மருத்துவர் அதை எழுதினார். கதிரடிக்கும்போது ஓட்ஸ் உமி தெறித்துக் கண்ணில் பட்ட ஒரு விவசாயி. புண்ணைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது முளைத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. ஊரும் தானியமும்தான் வேறு. களத்து மேடும் தெறித்த உமியும் நமக்குத் தெரிந்தவை.

நம் பக்கத்தில் இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ பட்ட காயம் இருந்தது. கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. பூஞ்சைகளில் முதலிடம் பியூசேரியத்துக்கு, அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ். திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் கானா நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்விலும் தென்னிந்திய நோயாளிகளில் நூற்றுக்கு 44 பேருக்குப் பூஞ்சைதான். இன்னொரு கணக்கு 1993-ஐச் சேர்ந்தது: மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடுத்த இதே மாதிரிக் கணக்கைப் போல இது பத்து மடங்கு. உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சம் கண்களுக்கு மேல் பூஞ்சைப் புண் வருகிறது என்றும், அவற்றில் நூற்றுக்குப் பத்தை ஒட்டி, கண்ணையே எடுத்துவிட வேண்டிய நிலைக்குப் போகின்றன என்றும் 2021-இல் ஒரு மதிப்பீடு வெளியானது.

பியூசேரியம் நம் விவசாயிகளுக்குப் புதிய பெயரல்ல. வாழை நன்றாக நிற்கும்போதே இலை மஞ்சளாகித் தொங்கி, தண்டைப் பிளந்தால் உள்ளே செந்நிறக் கோடு ஓடியிருக்கும் வாடல் நோய் இந்தக் குடும்பத்துப் பூஞ்சையால் வருவதுதான். வாழையின் வேரில் புகுவதும் மனிதக் கண்ணில் புகுவதும் ஒரே இனமல்ல, பங்காளிகள். இரண்டும் மண்ணிலும் மக்கும் இலைகளிலும் வாழ்பவை. மட்டையின் நுனி கண்ணைக் கிழிக்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வித்துகளையும் உள்ளே ஊன்றிவிட்டுப் போகிறது. விதைப்பு என்றே சொல்லலாம்.

இங்கே நின்று ஒரு கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பூஞ்சை வித்துகள் இல்லாத இடமே இல்லை. ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகளை மூச்சோடு உள்ளே இழுக்கிறோம். இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ள அவை நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்விடும். சாப்பாட்டில் பூஞ்சை, நகக்கண்ணில் பூஞ்சை, நம் வாயிலும் குடலிலும் குடியிருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை. அறுத்து வைத்த பலாச்சுளை இரண்டு நாளில் பூத்துவிடுகிறது. எழுபது எண்பது வருடம் இருக்கும் இந்த உடம்பு ஏன் பூப்பதில்லை? இலட்சக்கணக்கான பூஞ்சை இனங்கள் இருக்கும் உலகில் மனிதருக்கு நோய் தருபவை சில நூறுதான். மற்றவை ஏன் நம்மைத் தொடவில்லை?

முதல் பதில் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால்தான் அதை நினைத்துப் பார்க்கிறோம். நம் உடம்பின் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு நிழலும் ஈரமும் இருபது முப்பது டிகிரிக் குளிர்ச்சியும்தான் பிடிக்கும். அர்துரோ கசடெவால் என்ற ஆய்வாளரும் வின்சென்ட் ராபர்ட் என்பவரும் 4,802 பூஞ்சை மாதிரிகளின் வளர்ச்சியை எடுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். 30 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய ஆறு சதவீதப் பூஞ்சைகள் வளர முடியாமல் கழன்றுகொள்கின்றன. 37 டிகிரிக்கு வரும்போது பெரும் கூட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நாம் சாப்பிடும் சோற்றில் பெரும் பகுதி இந்தச் சூட்டைக் காப்பதற்கே எரிகிறது. அந்தச் செலவுக்குக் கிடைத்த வரவுகளில் ஒன்று, நாம் பூசணம் பிடிக்காமல் இருப்பது.

சூடு இல்லாத உயிர்களைப் பார்த்தால் இதன் அருமை புரியும். கைட்ரிட் என்ற வகைப் பூஞ்சை உலகெங்கும் தவளைகளின் தோலைத் தாக்கி, 500-க்கும் மேற்பட்ட நிலநீர் வாழ் இனங்களைக் குறைத்திருக்கிறது. 90 இனங்கள் அற்றே போய்விட்டன என்று 2019-இல் கணக்கிட்டார்கள். வௌவால் நம்மைப் போல வெப்ப இரத்தப் பிராணிதான். ஆனால் வட அமெரிக்கக் குளிர்காலத்தில் அது குகைக்குள் தொங்கிக்கொண்டு நீண்ட உறக்கத்தில் ஆழும்போது உடம்பின் சூட்டைக் குகையின் குளிர் வரைக்கும் இறக்கிவிடும். 2006-க்குப் பிறகு அந்த உறக்கத்தில்தான் ஒரு வெள்ளைப் பூஞ்சை மூக்கிலும் சிறகிலும் படர்ந்து லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. சூடு இறங்கிய நேரம் பார்த்து வருகிறது பூசணம்.

நம் உடம்பிலும் எல்லா இடமும் 37 டிகிரி அல்ல. கை, கால், விரலிடுக்கு, தோல் எல்லாம் குளிர்ந்த வெளித்திண்ணை. அங்கே வேறு காவல் வேண்டும். தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது; அது ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம். பூஞ்சை வேரூன்றும் முன் தரையே பெயர்ந்து விழுகிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோலைக் கொஞ்சம் புளிப்பாக வைத்திருக்கின்றன. அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பூஞ்சைக்கு ஆகாதவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலையில் சொட்டை சொட்டையாக வரும் படர்தாமரை பெரும்பாலும் வயதுக்கு வந்ததும் காணாமல் போவதற்கு இந்த எண்ணெய் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

இந்தக் காவலையும் தாண்டி வருபவை உண்டு. நடவு நாளெல்லாம் சேற்றில் நின்ற காலில் விரலிடுக்கு வெளுத்து வெடிக்கும் சேற்றுப்புண், முதுகில் படரும் தேமல், தலையில் பொடுகு, இடுப்பில் படர்தாமரை. இவை தோலோடு நிற்பவை. உயிரை எடுப்பதில்லை, தூக்கத்தை எடுக்கும். தேமலை உண்டாக்கும் மலசேசியா நம் எல்லோர் தோலிலும் சும்மா இருக்கும் பூஞ்சை. வியர்வையும் புழுக்கமும் கூடும்போது தலையெடுக்கும்.

தோலையும் தாண்டினால் உள்ளே இரத்தத்தின் படை. அந்தப் படையை மனிதன் அறிந்த கதையில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1882-இல் இத்தாலியின் மெசினா நகரக் கடற்கரையில் இலியா மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்து நின்றன. அடுத்து அவர் நீர்த்தெள்ளு என்ற சின்னஞ்சிறு உயிரைப் பார்த்தார். ஊசி போன்ற ஒரு பூஞ்சையின் வித்துகள் அதன் குடலைக் குத்திக்கொண்டு உடம்புக்குள் நுழைந்ததும், செல்கள் ஓடி வந்து அவற்றை விழுங்கின. விழுங்க முடிந்தால் நீர்த்தெள்ளு பிழைத்தது. வித்துகள் மிஞ்சினால் செத்தது. கிருமியைச் செல்கள் தின்று நம்மைக் காக்கின்றன என்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நூறு வருடம் கழித்து இன்னொரு காட்சி. 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், 'டோல்' என்ற மரபணு பழுதான பழ ஈக்களின் உடம்பில் ஆஸ்பெர்ஜில்லஸைச் செலுத்தினார்கள். சில நாளில் ஈ செத்தது. அதன் உடம்பு முழுக்கப் பூஞ்சை, மயிர் முளைத்தது போலச் சிலிர்த்து நின்றது. அந்த ஒரு மரபணு சரியாக இருந்திருந்தால் ஈ தப்பித்திருக்கும். அதே குடும்பத்து உணரிகள் நம் செல்களிலும் இருக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. 2011-இல் ஹாஃப்மனும் நோபல் பெற்றார். நம் உடம்பின் காவல் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களில் பூஞ்சையும் ஒன்று என்று நான் நினைப்பதற்கு இந்த இரண்டு கதைகளும் போதும்.

பூஞ்சையை நம் செல்கள் எப்படி அடையாளம் காண்கின்றன? அதன் சுவரை வைத்து. பூஞ்சைக்கு நண்டின் ஓட்டில் உள்ள கைட்டினாலும் பீட்டா குளூக்கான் என்ற மாவுப்பொருளாலும் கட்டிய சுவர் உண்டு. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. ஆகவே குளூக்கான் தென்பட்டால் வந்திருப்பவர் வெளியாள். டெக்டின்-1 என்ற உணரி அதைத் தடவிப் பார்த்ததும் எச்சரிக்கை போகிறது. பூஞ்சையும் லேசுப்பட்டதல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து தன் மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு புரதப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குளூக்கானை மறைத்தே வருகிறது. முளைவிட வேண்டுமானால் போர்வையைக் கழற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் அகப்பட்டுக்கொள்கிறது.

அகப்பட்டதும் வருபவை நியூட்ரோபில்கள். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. வித்தாக இருந்தால் விழுங்கி, உள்ளேயே ஆக்சிஜனிலிருந்து நஞ்சு செய்து கொல்லும். ஆனால் வித்து முளைத்து இழையாகிவிட்டால் விழுங்க முடியாது. செல்லைவிட இழை பல மடங்கு நீளம். அப்போது நியூட்ரோபில் செய்யும் காரியத்தை 2004-இல்தான் மனிதன் கண்டான். தன் உட்கருவையே வெடிக்கவிட்டு, தன் டிஎன்ஏவை வலையாக வெளியே வீசுகிறது. வலையில் நஞ்சுப் புரதங்கள் ஒட்டியிருக்கும். தான் செத்து, எதிரியைச் சிக்க வைக்கிறது. கூடவே இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும் புரதங்களைக் கொட்டி, பூஞ்சைக்கு அன்னமில்லாமல் செய்துவிடுகிறது. புற்றுநோய் மருந்தால் நியூட்ரோபில் குறைந்தவர்களையும், பிறவியிலேயே அந்த நஞ்சைச் செய்யத் தெரியாத நியூட்ரோபில்களோடு பிறக்கும் குழந்தைகளையும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஏன் குறிவைக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

2021-இல் கருப்புப் பூஞ்சை என்ற பேச்சால் நாடே நடுங்கியதை மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு ஜூலைக்குள் இந்தியாவில் 45,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. மியூகர் வகையைச் சேர்ந்த அந்தப் பூஞ்சை புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அழுகும் பழத்திலும் ரொட்டியிலும் என்றும் இருந்ததுதான். கட்டுக்கு அடங்காத சர்க்கரை, நியூட்ரோபிலின் ஓட்டத்தைத் தளர்த்தியது. சர்க்கரை முற்றி இரத்தம் புளித்தபோது, பூட்டி வைத்திருந்த இரும்பு அவிழ்ந்து பூஞ்சைக்குக் கிடைத்தது. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, பல உயிர்களைக் காத்த அதே மருந்து, காவல்காரனைத் தூங்கவும் வைத்தது. ஸ்டீராய்டு என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கீரமங்கலம் மெய்நின்ற நாதர் கோயிலில் உயர்ந்து நிற்கும் சிவனுக்கு எதிரே நக்கீரர் சிலை இருக்கிறது. நெற்றிக்கண்ணின் நெருப்புக்கும் அஞ்சாத புலவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். ஆனால் நம் கண்ணில் நெருப்பு இல்லை. அது உடம்பிலேயே குளிர்ந்த இடங்களில் ஒன்று. காற்றுப் படும் கருவிழிப் படலத்தின் சூடு 34 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பூஞ்சையின் முதல் தடையான சூடு அங்கே மூன்று டிகிரி தாழ்ந்து கிடக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, அங்கே இரத்தம் இல்லை. கருவிழிப் படலம் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, கண்ணாடி போலத் தெளிந்த ஒரு தோல். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அதில் ஒரு இரத்த நாளம்கூட ஓடுவதில்லை. காற்றிலிருந்து கண்ணீரில் கரையும் ஆக்சிஜனை உண்டு அது உயிர்வாழ்கிறது. இரத்தம் இல்லாத இடத்துக்கு நியூட்ரோபில் எப்படி வரும்? வெள்ளை விழியின் ஓரத்து நாளங்களிலிருந்து இறங்கி, படலத்தின் அடுக்குகளுக்கு இடையே நகர்ந்து வர வேண்டும். பார்வைக்காக உடம்பு தன் காவலில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறது.

அதனால்தான் கண்ணின் வெளிக்காவல் அவ்வளவு கவனமானது. இமை நிமிடத்துக்குப் பல முறை துடைக்கிறது. கண்ணீரில் லைசோசைம் இருக்கிறது, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் இருக்கிறது. படலத்தின் மேலே ஐந்தாறு செல் அடுக்குகள் சந்து இல்லாமல் ஒன்றோடொன்று இறுகி நிற்கின்றன. இந்த மேலடுக்கு முழுசாக இருக்கும்வரை பியூசேரியம் விழுந்தாலும் கண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். கீற்றின் நுனி கிழிப்பது அந்த மேலடுக்கைத்தான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.

உள்ளே போனதும் இழை கிளைவிடுகிறது. படை வருகிறது. மதுரை அரவிந்தில் பூஞ்சைப் புண் வந்த கண்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டபோது, புண்ணுக்குள் கூடியிருந்த செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நியூட்ரோபில்களே என்று தெரிந்தது. அவை கொட்டும் நஞ்சும் நொதியும் பூஞ்சையைக் கொல்லும்போது படலத்தையும் கரைக்கின்றன. தொடையில் இப்படி ஒரு புண் வந்து ஆறினால் தழும்பு நின்றால் என்ன? கண்ணில் தழும்பு நின்றால் அதுதான் பூ. கண்ணில் விழும் பூவைப் பூஞ்சை மட்டும் செய்வதில்லை. அதை எதிர்த்து நின்ற நம் உடம்பும் சேர்ந்துதான் செய்கிறது. சண்டை எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனை பெரிய தழும்பு. ஆகவே சண்டை சீக்கிரம் முடிய வேண்டும், அதற்கு மருந்து வேண்டும்.

மருந்தில்தான் பூஞ்சையின் இன்னொரு குணம் குறுக்கே வருகிறது. அது நமக்குத் தூரத்துச் சொந்தம். பூஞ்சையைச் செடிகளோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் மூலக்கூறுகளை ஒப்பிட்டபோது அது விலங்குகளுக்கே நெருக்கம் என்று தெளிவானது. அதன் செல்லுக்குள் இருக்கும் இயந்திரங்கள் பலவும் நம்முடையதைப் போன்றவை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. பூஞ்சையைக் கொல்லும் விஷம் நம்மையும் சுடும். பிடித்துக்கொள்ள ஒரு வேறுபாடு கிடைத்தது: நம் செல்லுறையில் கொலஸ்டிரால், பூஞ்சையின் உறையில் எர்கோஸ்டிரால். அந்த எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொள்ளும் நாட்டமைசின் 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிடம் கிடைத்தது. பல தலைமுறைகளுக்கு முன் நம் ஊர்க்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப் போனார்களே, அந்த நட்டால்தான்.

நாட்டமைசின் பார்க்க வெள்ளையாக, பிசுபிசுப்பாக இருக்கும், ஆழமாக ஊடுருவாது. புதிதாக, விலை கூடியதாக வந்த வோரிகொனசோல் நன்றாக ஊடுருவும். எது மேல்? 2010-11-இல் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வெளியானது. பழைய நாட்டமைசினே வென்றது. பியூசேரியம் வந்த கண்களில் வித்தியாசம் மிகப் பெரியது. உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் பின்பற்றும் முடிவு நம் உழவர்களின் கண்களிலிருந்து வந்தது என்பதை நாம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

பூஞ்சைதானா என்று அறியும் சோதனையும் எளிது. புண்ணின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். காரம் நம் செல்களைக் கரைத்துவிடும். கைட்டின் சுவர் கொண்ட பூஞ்சை இழை மட்டும் கரையாமல் பளிச்சென்று நிற்கும். சில நிமிட வேலை. அதன் பிறகு பல வாரம் மருந்து. முதல் சில நாள் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம்கூட விட வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு இது லேசான காரியமில்லை. பொறுமை இழந்து பாதியில் நிறுத்தியவர்களின் புண் ஆழமாகிவிடும். படலத்தின் கடைசி அடுக்கையும் துளைத்துக்கொண்டு பின்னால் போகக் கூடியது இந்தப் பூஞ்சை.

முன்கூட்டியே தடுக்க முடியுமா? நேபாளத்தின் பக்தபூரில் கிராம ஊழியர்கள், கண்ணில் சிராய்ப்பு பட்டவர்களைத் தேடிப் பிடித்து மூன்று நாள் குளோராம்ஃபெனிகால் களிம்பு வைத்தார்கள். 2001-இல் வெளியான முடிவு: சிராய்ப்பு பட்ட 442 பேரில் 96 சதவீதம் பேருக்குப் புண்ணே வரவில்லை, பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களில் செய்து 2006-இல் வெளியிட்டதில் ஒரு வியப்பு இருந்தது. பூஞ்சை மருந்தையும் சேர்த்து வைத்தவர்களைப் போலவே, வெறும் பாக்டீரியா மருந்து வைத்தவர்களுக்கும் புண் வராமல் ஆறியது. நேபாளத்தில் பிறகு பெரிய அளவில் செய்து பார்த்தபோது ஊர் முழுவதுக்குமான எண்ணிக்கையில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் முதல் நாளிலேயே கண்ணைக் காட்டியவர்கள் தப்பித்தார்கள் என்ற அந்தப் பதினெட்டு மணி நேரக் கணக்கு என் மனசில் தைத்து நிற்கிறது.

அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? தாய்ப்பால் பீச்சுகிறார்கள். விளக்கெண்ணெய் விடுகிறார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி வைக்கிறார்கள். தூசியை நாக்கால் எடுத்துவிடுகிறார்கள். இவை எல்லாமே பாசத்தால் செய்பவை. தாய்ப்பாலில் லாக்டோஃபெரின்கூட உண்டு. ஆனால் கிழிந்த படலத்துக்கு அது சுத்தமான மருந்தாகாது. பூச்சாறும் எச்சிலும் இன்னும் கொஞ்சம் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதைவிட எனக்குப் பெரிய பயம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், வலி குறையும், குணமாகிவிட்டது என்றே தோன்றும். அடங்கியது நியூட்ரோபில்களின் சத்தம்தான். பூஞ்சை தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிப் பூசி, இன்று நாடு முழுக்க எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத படர்தாமரை பரவிக் கிடப்பதிலும் இதே தவறுக்குப் பங்கு இருக்கிறது.

பூக்கொல்லையிலும் தோப்பிலும் களத்திலும் வேலை செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மட்டை வெட்டும்போதும் கதிரடிக்கும்போதும் ஒரு சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. போனதும் கண் சிவந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். என்ன பட்டது என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: தென்னங்கீற்று, நெல் சுணை, பூச்செடிக் குச்சி.